'நல்லா'வால் போன கால் மார்க்

வங்கி கிளார்க் தேர்வுக்கு இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்த சமயம். மாதிரித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கும் கேள்வி வந்தாலே ஓர் இடத்தில் மட்டும் தவறாமல் சறுக்குவேன். 'த சூப் டேஸ்ட்ஸ் டெலிஷியஸ்லி' என்று இருந்தால் பிழை இல்லை என்று குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன்; 'டெலிஷியஸ்' என்றுதான் இருக்க வேண்டும். பிரிலிம்ஸ் எனும் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம், ஒரு தப்புக்குக் கால் மார்க் வெட்டு. நான் போன கோச்சிங்கில் 'வெர்புக்குப் பின்னால் அட்வெர்ப்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அதை நம்பியதுதான் வினை.

விஷயம் பிடிபட்டது ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியில், அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) ஆலைக்கொட்டாயில், அதாவது கரும்புச்சாறு காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் கொட்டகையில். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை போகிற ஊர் அது. சூடு ஆறாத சர்க்கரையை உள்ளங்கையில் வைத்துவிட்டு, "எப்படி இருக்குது கண்ணு?" என்றார். "நல்லா இருக்குதுங்க அப்புச்சி." கொப்பரையில் பாகு கிண்டுகிறவரைப் பார்த்து, "அவரும் நல்லா கிண்டறாருங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு இடத்திலும் அதே 'நல்லா'! இனிப்பாக இருக்கிறது, வேகமாகக் கிண்டுகிறார் என்றாலும் இரண்டிலும் 'ஆக' வந்துவிடுகிறது. தமிழ் இங்கே பிரிப்பதில்லை, ஆங்கிலம் பிரிக்கிறது. சர்க்கரை எப்படிப்பட்டது என்றால் அட்ஜெக்டிவ், வேலை எப்படி நடக்கிறது என்றால் அட்வெர்ப்.

அன்றைக்கே ஒரு வியாபாரி வந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி நிதானமாகச் சுவைத்தார். நோட்டில் இப்படி எழுதிக்கொண்டேன்: 'த மர்ச்சன்ட் டேஸ்டட் த ஷுகர் கேர்ஃபுலி.' 'த ஷுகர் டேஸ்டட் ஸ்வீட்.' வெர்ப் ஒன்றேதான். ஆனால் முதலாவதில் அவர் ஒரு வேலை செய்கிறார், இரண்டாவதில் சர்க்கரை எந்த வேலையும் செய்யவில்லை, சும்மா இனிக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த வெர்பை எடுத்துவிட்டு 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'த ஷுகர் வாஸ் ஸ்வீட்' பொருந்துகிறது, அதனால் அட்ஜெக்டிவ். 'த மர்ச்சன்ட் வாஸ் த ஷுகர்' என்றால் வியாபாரியே சர்க்கரை ஆகிவிடுவார்! லுக், ஸ்மெல், ஃபீல், சவுண்ட் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். 'ஹீ லுக்ட் ஆங்ரி' என்றால் முகம் கோபமாக இருந்தது. 'ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ' என்றால் கோபமாக என்னைப் பார்த்தார்.

இதைக் கற்ற வேகத்தில் 'லி' கண்ட இடமெல்லாம் வெட்டி அடுத்த மாதிரித் தேர்விலும் மார்க்கை விட்டேன் என்பது தனிக்கதை. 'ஷீ சீம்ஸ் ஃப்ரெண்ட்லி' சரியானதுதான். ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி எல்லாம் அட்ஜெக்டிவ்கள். 'டேஸ்டட் அன்யூஷுவலி ஸ்வீட்' என்பதும் சரி, அந்த 'லி' ஸ்வீட்டுக்குத் துணையாக வந்தது. அப்புறம் 'வெல்'. உடம்பு சுகம் என்ற பொருளில் அது அட்ஜெக்டிவ், அதனால் 'ஷீ லுக்ஸ் வெல்' என்பதைப் பிழை என்று குறித்துவிடாதீர்கள்.

பீகம், சீம், ரிமெய்ன் சுலபம், அட்ஜெக்டிவ் வரும் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். ஏமாற்றுவது டர்ன், கோ, க்ரோ மூன்றும்தான்; 'ஆகிவிட்டது' என்ற பொருளில் வந்தால் இவற்றுக்கும் அட்ஜெக்டிவ்தான். அவற்றுக்கு நான் கொப்பரைப் பக்கமே போய்விடுவேன்: பாகு நிறம் மாறினால் 'டர்ன்ட் கோல்டன்', காலையில் வாங்கிய பால் திரிந்தால் 'வென்ட் சவர்', கிண்டிக் கிண்டி ஆள் களைத்தால் 'க்ரூ டயர்ட்'.