ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்லக் கூடாத கணக்கு

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஆதார், பட்டா, பேங்க் பாஸ்புக் என்று கூட்டம் இருக்கும். தக்காளி லோடு போய் முடிந்துவிட்டால் மதியத்துக்கு மேல் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஒரு மதியத்தில் மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கூடவே ஒன்றாவது படிக்கும் மகள்.

"அண்ணா, இந்த போன்ல ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் தமிழ் புக்கு இருக்கு. எல்லாத்தையும் பிரிண்ட் போட்டா எவ்ளோ ஆகும்?"

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதப் போகிறாராம். அதில் மொத்தம் 200 கேள்வி, 100 தமிழ். தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் எல்லோரும் பள்ளிப் புத்தகத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆயிரம் பக்கத்துக்குக் குறையாது. என் கடையில் பக்கம் 2 ரூபாய். கணக்கைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு போன் நம்பர் அடித்திருந்தது. டெலிகிராமில் யாரோ 350 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். அரசாங்கம் இணையத்தில் சும்மா போட்டு வைத்திருக்கிற அதே பாடநூல்தான் அது. ஒரு வரி கூடச் சேர்க்கவில்லை, நம்பரைத் தவிர. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அம்மா மட்டும், "பரவால்ல விடுங்கண்ணா" என்று விட்டுவிட்டார்.

அப்புறம் கடைக்காரன் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "பிரிண்ட் போடாதம்மா. பாடநூல் கழகம் அச்சடிச்ச புத்தகமே நான் போடுற ஜெராக்ஸை விட மலிவு. அதையும் எல்லாம் வாங்க வேண்டாம். உன்கிட்ட மெமரி கார்டு இருக்கா?"

இருந்தது. ஆனால் போன் வீட்டுக்காரருடையது. அவர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் கொடுப்பார். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, திண்ணைக்கு வர வேண்டும். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தத் திண்ணையைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். இலவசம் என்றாலும் அது வீட்டுக்குள் வந்து சேர வேண்டாமா?

அன்றிலிருந்து எனக்கு இதுவே ஒரு வேலையாகிவிட்டது. கடையில் இணையம் இருக்கிறது, மதியத்தில் நேரமும் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் கார்டில் ஏற்றித் தருகிறேன். முதலில் ஆறு முதல் பத்து வரைக்குமான பாடநூல், அரசுத் தளத்திலிருந்து, குறுக்கே நம்பர் இல்லாமல். அடுத்து குரூப் 4 நடத்துகிற தேர்வாணையமே தன் தளத்தில் வைத்திருக்கும் பழைய வினாத்தாள்கள். பாடப்புத்தகத்தில் பாடத்தோடு அச்சிட்டிருக்கும் கியூஆர் கட்டத்தைப் பலர் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அரசின் திக்ஷா செயலியில் காட்டினால் பாடத்துக்கான வீடியோ வரும். செயலிக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொண்டால் திண்ணைக்குப் போகாமலும் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்த இடம் மதுரைத் திட்டம் என்கிற இலவச இணைய நூலகம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்பவர் முன்னின்று நடத்த, உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். தட்டச்சு என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்கேன் செய்த புத்தகம் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். 40, 50 எம்பி வந்துவிடும், மாரண்டஅள்ளிக்கு அப்பால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டச்சு செய்த திருக்குறள் அதில் ஒரு துளிதான், ஒற்றைக் கோடு சிக்னலிலும் இறங்கிவிடும். அதற்குள் ஒரு சொல்லைத் தேடலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். கண் மங்கிய என் அம்மா ஒளவையாரை அப்படித்தான் படிக்கிறார். அதியமான் ஊர்க்காரிக்கு ஒளவை மேல் தனிப் பாசம், கேட்டால் நெல்லிக்காய்க் கதையை ஆரம்பித்துவிடுவார்.

ஸ்கேன் புத்தகத்துக்கும் வேலை இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளை அட்டையோடு அப்படியே பார்க்கலாம். போன ஜூலையில் ஒரு பையன் சுப்பிரமணிய சிவா பற்றிப் பேச்சுப் போட்டிக்குக் குறிப்புக் கேட்டு வந்தான். இங்கே பக்கத்துப் பாப்பாரப்பட்டியில்தான் 1925 ஜூலை 23 அன்று அவர் இறந்தார். நினைவிடத்துக்கு வருடா வருடம் மாலை போடுகிறோம். ஆனால் அவர் எழுதினார், 'ஞானபாநு' என்று பத்திரிகை நடத்தினார் என்பதெல்லாம் அந்தப் பையனுக்கே அன்றுதான் தெரியும். "இதை எல்லாம் ஃப்ரீயா போட்டா கேஸ் போட மாட்டாங்களா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து 60 வருடம் முடிந்தால் நூல் பொதுவாகிவிடும். சில எழுத்தாளர்களின் நூல்களை அதற்கு முன்பே அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. இந்த இரண்டிலும் சேராத புதுப் புத்தகம், உரிமை உள்ளவர் அனுமதி இல்லாமல் இலவச பிடிஎஃப் என்று வந்தால் அது திருட்டுதான். என் கடையில் அதை ஏற்ற மாட்டேன். இதில் எனக்கும் சில வாடிக்கையாளர்களுக்கும் சண்டை உண்டு.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்பிடெல் சொல்கிறேன். ஐஐடி வாத்தியார்கள் நடத்துகிற பாடம், பார்ப்பதற்குக் காசு இல்லை, சான்றிதழுக்குப் பரீட்சை எழுதினால்தான் கட்டணம். இதற்கு மேல் அதைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் பத்தாவது.

அந்தப் பெண் போன வாரம் மறுபடி வந்தார். எட்டாவது வரை முடித்துவிட்டாராம். பழைய வினாத்தாள் ஒன்றை மட்டும் பிரிண்ட் போடச் சொன்னார், எழுதிப் பார்ப்பதற்கு. மகளுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து காட்டினேன். படக்கதைகள், தமிழிலும் நிறைய இருக்கின்றன, இறக்கிக்கொள்ளவும் அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. அந்தக் குட்டி ஸ்டூலில் ஏறி நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து, யானை இருக்கிற ஒரு பக்கத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டது. போனில் வேண்டாமாம், தாளில்தான் வேண்டுமாம்.

கலர் பிரிண்ட் 10 ரூபாய். அதை மட்டும் சும்மா கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். இங்க் விற்கிற விலைக்கு 5 ரூபாய் வாங்கிக்கொண்டேன்.