சுவிட்சர்லாந்துக்குச் சென்னையிலிருந்து ஓட்டு

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் யாரும் சொந்த நாட்டுப் பாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. 2024-இல் சுவிட்சர்லாந்தின் நெமோ ஜெயித்ததால் 2025 போட்டி அந்த நாட்டுக்கு, பாசல் நகரத்துக்குப் போனது. அங்கே வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழிக்கு, சுவிட்சர்லாந்துக்கு ஓட்டுப் போட முடியாததில்தான் கடுப்பு. போட்டிச் செலவுக்கு 37.5 மில்லியன் ஃபிராங்க் ஒதுக்கலாமா என்றுகூட பாசல் மக்களிடம் ஓட்டு வாங்கினார்கள், பாட்டுக்குப் போட விடமாட்டார்களாம். "நீ போடுடி, இந்தியாவிலிருந்து போடலாம்" என்றாள்.

உண்மைதான். 2023 முதல், போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் ஆன்லைனில் ஓட்டுப் போடலாம். அத்தனை நாடுகளின் ஓட்டும் சேர்ந்து ஒரே ஒரு நாட்டின் ஓட்டாகக் கணக்கில் வரும்.

ஓட்டு இலவசமில்லை. 2025-இல் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு யூரோ, ஒருவர் அதிகபட்சம் 20 போடலாம் என்று இருந்தது. தளத்தில் பாட்டைத் தேர்ந்தெடுத்து, எத்தனை ஓட்டு என்று குறித்து, கார்டு எண்ணைக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். பணம் போகவில்லை. நம் ஊர் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே திறந்துவிட வேண்டும், 2020-இலிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. வங்கி ஆப்பில் கார்டு பக்கத்துக்குப் போய் 'இன்டர்நேஷனல்' பொத்தானைத் தள்ளி, அதற்குக் கீழே 'ஆன்லைன்' பொத்தானையும் தள்ளி, தொகை வரம்பைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்ற வேண்டும். அந்த வரம்பு கண்ணில் படவே நேரமாகிவிட்டது. பொத்தான் பச்சையாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். யூபிஐ அங்கே செல்லாது. அந்நியச் செலாவணிக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, தனி.

இறுதிப் போட்டி மே 17, சனிக்கிழமை. அங்கே இரவு 9 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12:30. யூடியூபில் பார்த்தேன். சுவிட்சர்லாந்துக்காக ஸோயி மே பாடியது முழுக்க பிரெஞ்சுப் பாட்டு. அவர் பிறந்ததும் பாசலில்தான். வாணவேடிக்கையும் ஆட்டக்காரர்களும் நிறைந்த மேடையில் அவர் தனியாக நின்று மெதுவாகப் பாடினார். எனக்கு அதுதான் பிடித்தது. தோழிக்காகப் போட ஆரம்பித்து, கடைசியில் எனக்காகவே மிச்ச ஓட்டையும் போட்டேன்.

விடிகாலை நான்கு மணிக்கு மேல் முடிவு. நடுவர்கள் ஸோயி மேக்கு 214 புள்ளி கொடுத்திருந்தார்கள், ஆஸ்திரியாவுக்கு அடுத்து இரண்டாவது இடம். அப்புறம் மக்கள் ஓட்டு. நடுவர் பட்டியலில் கீழே இருப்பவர்களிலிருந்து அறிவித்துக்கொண்டே வருவார்கள், அதனால் சுவிட்சர்லாந்து கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும். வந்தது: பூஜ்ஜியம்.

ஓட்டே விழவில்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு நாட்டிலும் முதல் பத்துப் பாட்டுக்குத்தான் புள்ளி. இறுதியில் இருந்தவை 26. எல்லா நாட்டிலும் பதினோராவது வந்தாலும் பூஜ்ஜியம்தான். என் ஓட்டுகள் அந்தக் கணக்கில் எங்கேயோ கிடக்கின்றன. அரங்கம் ஸோயி மேக்குக் கைதட்டியது, நாடு பத்தாவது இடத்தில் நின்றது. 436 புள்ளியோடு ஆஸ்திரியாவின் ஜேஜே ஜெயித்தார்.

தோழி அனுப்பியது ஒரே ஒரு செய்தி: "நிஜமாகவே போட்டாயா?" வங்கி எஸ்எம்எஸ்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு, இன்டர்நேஷனல் பொத்தானை அணைத்தேன். 2026-இலிருந்து ஒருவருக்கு 10 ஓட்டுதான் என்று குறைத்துவிட்டார்கள். என் கார்டுக்கு நல்லது.