ஸ்க்ரூடிரைவர் வைத்தியம்

போன வாரம் நான் வேலை பார்க்கிற கிரைண்டர் பட்டறையில் ஓனர் பையன் ஒரு கிரைண்டரைக் கொண்டுவந்து வைத்து, "ஐயா, இது என்னமோ முனகுதுங்க, பாருங்க" என்றான். கல்லை வெளியே எடுத்துவிட்டு வெறுமனே ஓடவிட்டேன். ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். சரளைக்கல் உருளுகிற மாதிரி ஒரு கரகரப்பு. பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினால் சத்தம் இல்லை. அப்படியென்றால் கோளாறு மோட்டாரில் இல்லை, டிரம் பேரிங்கில். மாற்றியதும் முனகல் நின்றது.

இந்த வைத்தியம் மில்லில் கற்றது. கோவையில் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம் என்கிற நூல் நூற்கும் இயந்திரத்துக்கு ஃபிட்டராக 33 வருடம், மூன்று ஷிஃப்டும் மாறி மாறி. அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. வீட்டுக்காரி சொல்வது இரண்டாவது தடவைதான் விழும். ஸ்க்ரூடிரைவர் வழியாக வருவது மட்டும் எலும்பில் ஏறி வருகிறதோ என்னவோ, முதல் தடவையே விழுந்துவிடுகிறது.

2015-இல் 58 வயது முடிந்து வெளியே வந்தேன். பி.எஃப். பென்ஷன் 2,100 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 என்று அதற்கு முந்தைய வருடம்தான் ஆக்கியிருந்தார்கள். அதைவிட இரண்டு மடங்கு என்று நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கும், மளிகைக் கடைக்குப் போகிற வரைக்கும்.

முதலில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன். 12 மணி நேரம். வேலை ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். மில்லில் என்னை "மேஸ்திரி" என்று கூப்பிட்டவர்கள் 200 பேர் இருப்பார்கள். இங்கே பேரன் வயதுப் பையன் காருக்குள் இருந்தபடியே ஹாரன் அடிப்பான், கேட்டைத் திறக்கணும். எட்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம். அண்டா, குண்டான், தாம்பாளம், ஜல்லிக் கரண்டி எல்லாம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கவேண்டும். எனக்குப் பிடித்த வேலை. முகூர்த்த நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு சமையல்காரர் முதல் காபியை எனக்குத்தான் தருவார். ஆடி, மார்கழியில் சம்பளம் பாதி. ஒருநாள் மூன்று பித்தளைக் கரண்டி குறைந்தது, 900 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பாயசப் பாத்திரத்தோடு பந்தி பரிமாறப் போன கரண்டிக்கு நான் எப்படிக் காவல் இருப்பது? அந்த மாதக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டேன்.

கிரைண்டர் பட்டறைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. "எதுக்குங்க இந்த வயசுல?" என்று வீட்டுக்காரி கேட்பதும் குறைந்துவிட்டது. மகனுக்குத்தான் இன்னும் கூச்சம். யாராவது கேட்டால், "அப்பா சும்மா பொழுதுபோக்குக்குப் போறாருங்க" என்பான். எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வருகிற பொழுதுபோக்கு.

பென்ஷனுக்காக வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கவேண்டும். இந்தத் தடவை இ-சேவை மையத்தில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று, ரேகை விழவில்லை. ஈரத்துணியால் துடைத்தும் விழவில்லை. அங்கே இருந்த பெண் கடைசியில் போனை முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்கய்யா" என்றது. சிமிட்டினேன், பதிவாகிவிட்டது.

அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். பத்து மணிக்கே முடிந்துவிட்டதால் நேராகப் பட்டறைக்குப் போய்விட்டேன்.