நெருப்புக் கக்கிய கப்பல்

1977இல் எங்கள் வகுப்பில் ரீவி பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. இலங்கைக்கே அது 1979இல்தான் வந்தது. அரச ரீவியான ரூபவாஹினி தொடங்கியதோ 1982 பெப்ரவரியில். ஆனால் ஒரு ரீவித் தொடரை ஒரு வருஷத்துக்கு மேலாக மட்டக்களப்புப் புளியந்தீவில் நடத்திய பொடியன்கள் நாங்கள்.

என் வாங்கில் பக்கத்தில் இருந்தவனின் மாமா கப்பலில் வேலை. ஒருமுறை வந்தபோது பழைய ஆங்கிலக் கொமிக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர் ஸ்டார் ட்ரெக். என்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் கிரகம் கிரகமாய்ப் போகிறவர்களின் கதை. அட்டையில் உண்மையான மனிதர்களின் போட்டோ, உள்ளே எல்லாம் வரைந்த படம். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "இது அமெரிக்காவில ரீவியில போற கதை மனே. ரீவி எண்டா படம் ஓடுற ரேடியோ" என்றார் மாமா. அந்தத் தொடர் 79 பகுதிகளோடு 1969இலேயே முடிந்துவிட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அது இப்போதும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நம்பினோம்.

படம் ஓடுகிற ரேடியோ என்றால், படம் எங்களிடம் இருந்தது. ரேடியோதான் குறை. அதை நாங்களே செய்வதென்று முடிவெடுத்தோம்.

பாடசாலை விட்டதும் கோட்டைக்குப் பக்கத்தில் வாவிக்கரையில் கூடுவோம். ஒருவன் புத்தகத்தை விரித்துப் பிடிக்க, மற்றவர்கள் குரல் கொடுக்க வேண்டும். இலங்கை வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா, அதில் எங்களுக்குத் தயக்கமே இருக்கவில்லை. ஆங்கிலத்தைப் பார்த்த கணமே தமிழாக்கிச் சொல்வது என் வேலை. முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. ஸ்பொக் என்ற அந்தக் கூர்க்காதுக்காரர் எதற்கும் பதறாதவர், உணர்ச்சியைக் காட்டாதவர். அவர் எப்படித் தமிழ் பேசுவார்? கொஞ்சம் யோசித்துவிட்டு அவருக்கு எழுத்துத் தமிழைக் கொடுத்தேன். கப்டன் கேர்க்குக்கு எங்கட தமிழ்.

"மனே ஸ்பொக், என்ன நடக்குது அங்க?"

"தலைவரே, வளிமண்டலத்தில் ஒட்சிசன் உண்டு. உயிரினங்கள் இருப்பதற்கான அறிகுறிகள் தென்படுகின்றன."

பிற்காலத்தில் மொழிபெயர்ப்புத்தான் எனக்குத் தொழிலானது. ஒருவரின் பேச்சைக் கேட்டு அவருக்கு எந்தத் தமிழ் பொருந்தும் என்று தேடும் பழக்கம் அந்த வாவிக்கரையில்தான் எனக்கு வந்தது.

சத்தம் கொடுப்பது புத்தகத்தின் சொந்தக்காரன் பொறுப்பு. அந்தக் கொமிக்ஸில் என்டர்பிரைஸ் கப்பலின் இரண்டு நீளக் குழாய்களுக்கும் பின்னால் ரொக்கெட்டில் போல நெருப்புச் சீறும். அவன் வெறும் பால்மா டின் ஒன்றுக்குள் வாயை வைத்து "உஃஃஃ" என்று மூச்சு முட்டும்வரை ஊதுவான். கேட்கிற எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். தோணியில் போகிறவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

ஒருநாள் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று கேட்டார். பேச்சு விழப்போகிறது என்று நினைத்தோம். "ஒளியாண்டு எண்டுறது காலம் இல்ல, தூரம்" என்று மட்டும் சொன்னார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கணக்கும் போட்டுக் காட்டினார். 9 இலட்சத்து 46 ஆயிரம் கோடி கிலோமீற்றர். அந்தப் பூச்சியங்கள் நாங்கள் நின்ற இடத்திலிருந்து தண்ணீர்வரை போயின. சேர் இன்று இல்லை. அந்தக் குச்சியும் அவர் குனிந்து எழுதிய விதமும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் புத்தகச் சொந்தக்காரனின் வீட்டுக் கூரை போனது. ஊரே தலைகீழாய்க் கிடந்தபோது அவன் அந்தப் புத்தகத்தை முறிந்த தென்னை ஒன்றின்மேல் விரித்துக் காயப்போட்டிருந்தான். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பிரிக்கப் பிரிக்கக் கையோடு வந்தது.

அப்புறம் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், வீடியோவில் தொடரைப் பார்த்தேன். நெருப்பைக் காணவில்லை. கப்பல் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மனதுக்கு என்னவோ போலிருந்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று வருஷக்கணக்காய்த் தேடி வாசித்தேன். கோல்ட் கீ நிறுவனம் அந்தக் கொமிக்ஸை 1967 முதல் 1979 வரை 61 இதழ்களாக வெளியிட்டிருக்கிறது. அவற்றில் பெரும்பங்கை வரைந்த அல்பேர்ட்டோ ஜியோலிட்டி ரோமில் இருந்தவர். வரையத் தொடங்கியபோது அந்தத் தொடரை அவர் பார்த்ததே இல்லை. அனுப்பிவைத்த சில போட்டோக்களை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தானே ஊகித்து வரைந்தாராம். வேகமாகப் போகிற கப்பலுக்கு நெருப்பு வேண்டும் என்று அவர் கை முடிவெடுத்திருக்கிறது. அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ரீவி பார்க்காத ஒருவர் ரோமில் வரைந்ததை, ரீவி பார்க்காத நாங்கள் மட்டக்களப்பில் குரல் கொடுத்து நடித்திருக்கிறோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடரில் ஒவ்வொரு கிரகத்திலும் கப்பலை இறக்கிக் காட்டச் செலவு அதிகம் என்பதால்தான், ஆட்களை ஒளியாய்க் கரைத்து அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஜியோலிட்டிக்கு அந்தக் கவலை இல்லை. தூரிகைக்கு எல்லாக் கிரகமும் ஒரே செலவுதான். தொடரில் வந்த கிரகங்களைவிட அவருடைய மலைகளும் பள்ளத்தாக்குகளும்தான் எனக்கு இன்றும் பெரிது.

2018இல் வாஷிங்டன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்துக்குப் போனேன். படப்பிடிப்புக்குப் பயன்பட்ட அந்த மாதிரிக் கப்பல், ஏறத்தாழ 11 அடி, கண்ணாடிக்குள் நின்றது. வலப்பக்கத்தில் ஒவ்வொரு யன்னலும் எழுத்தும் அவ்வளவு நுணுக்கம். இடப்பக்கம் வெறுமை. விளக்குகளுக்கான வயர்கள் அந்தப் பக்கத்தால் போனதாலும், கமெரா வலப்பக்கத்தையே பார்த்ததாலும் அதை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். நான் பின்பக்கம் போய்க் குழாய்களின் முனையைப் பார்த்தேன். ஆளுக்கொரு உருண்டை, அவ்வளவுதான்.

அங்கிருந்தே மட்டக்களப்புக்குப் போன் எடுத்தேன். அங்கே நடுச்சாமம் தாண்டியிருந்தது.

"மச்சான், கப்பலுக்கு முன்னால நிக்கிறன். நெருப்பு இல்லடா."

"இருந்ததடா," என்றான். "நான்தானே சத்தம் போட்டனான்."