சர்ச்சிலுக்கு மறுபடியும் ஓடும் ரயில்

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சில் என்ற ஊருக்குச் சாலை கிடையாது. ஒன்று விமானம், இல்லாவிட்டால் ரயில். மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து சுமார் 1,700 கிலோமீட்டர், அட்டவணைப்படி போனாலே இரண்டு ராத்திரி ஆகும். துருவக் கரடி பார்க்கக் கிளம்புகிறவர்களில் பல பேர் பறந்துவிடுவார்கள். எனக்குக் கரடி மேல் பெரிய மோகம் இல்லை. ஒன்றரை வருஷம் அறுந்து கிடந்து மறுபடி ஓடத் தொடங்கிய ரயிலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். ஆகஸ்டில் கிளம்பினேன்.

படுக்கை டிக்கெட் விலையைப் பார்த்ததும் மனசு தானாகவே உட்காரும் வகுப்புக்கு இறங்கி வந்துவிட்டது. இருக்கை தாராளம், கால் நீட்டலாம். கையில் புளியோதரை இருந்ததால் முதல் நாள் உணவுப் பெட்டிப் பக்கம் போகவில்லை. அன்று முழுக்கக் கோதுமை வயலும் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரும்தான்; அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தி பா என்ற ஊரைத் தாண்டிய பிறகுதான் காடும் ஏரியும் சதுப்பும் தொடங்குகின்றன.

தாம்ஸன் நகரத்தில் வண்டி மணிக்கணக்கில் நிற்கிறது. அங்கே ஏறிய கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் இந்த ரயில் யாருக்காக ஓடுகிறது என்று புரிந்தது. எதிர் இருக்கையில் க்ரீ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பாட்டியும் பேரனும். கடைக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள், ஊர் பிக்விடோனெய். அங்கேயும் வருஷம் முழுக்க ஓடக்கூடிய சாலை இல்லை. வண்டி நின்றதும் சாமான் பெட்டிக் கதவைத் திறந்து டயப்பர் கட்டு, நாய்த் தீனி மூட்டை, ஒரு கார் பேட்டரி, டேப் சுற்றிய அட்டைப்பெட்டிகள் என்று ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நடத்துநரும் கூட நின்று கை கொடுத்தார். கொசு மொய்த்த மொய்ப்பில் நான் கதவுக்கு வெளியே தலை நீட்டவில்லை. பாட்டி அதைச் சட்டை செய்யவே இல்லை. பெட்டிகளை எண்ணுவதிலேயே குறியாக இருந்தார்.

கில்லம் என்ற ஊருக்கு வடக்கே ரயில் ஊர்கிறது. ஜன்னலோரம் பழைய தந்திக் கம்பங்கள் வரத் தொடங்கும். ஒற்றைக் கம்பம் இல்லை. மூன்று மரங்களைச் சாய்த்து உச்சியில் சேர்த்துக் கட்டிய முக்காலிகள். அடிமண் நிரந்தரமாக உறைந்தது, மேல்மண் வருஷா வருஷம் உறைந்து இளகும். குழி தோண்டி நட்ட கம்பத்தை அந்த மண் மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடும். அதனால் நடாமல் மேலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பத்துக்கு இந்த வழி உண்டு, தண்டவாளத்துக்கு? 1929-இல் சர்ச்சிலைத் தொட்ட பாதை, அன்றிலிருந்து இந்த மண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

2017 மார்ச்சில் பெரும் பனிப்புயல். வசந்தத்தில் அத்தனை பனியும் உருகி ஓடியபோது தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. மே 23 அன்று கில்லமுக்கு வடக்கே சேவை நின்றது. சர்ச்சிலில் நின்றிருந்த பயணிகள் ரயில் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டு, கடைசியில் எஞ்சினும் பெட்டிகளுமாகக் கப்பலேறித்தான் தெற்கே போனது! ஊருக்குப் பால், காய்கறி எல்லாம் விமானத்தில் வந்ததால் விலை எகிறியது. என்னோடு காபி குடித்த சர்ச்சில்காரர் ஒருவர், "வயசான அம்மாவைப் பார்க்க வின்னிபெக் போக டிக்கெட் விலை விசாரிச்சேன். விசாரிச்சதோட சரி" என்றார்.

எனக்குக் கோபம் வருவது வெள்ளத்தின் மேல் இல்லை. பாதை அப்போது அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த ஆம்னிட்ராக்ஸ் கையில் இருந்தது. 1997-இல் கனடிய நேஷனல் ரயில்வேயிடமிருந்து வாங்கியது. பழுது பார்க்க எங்களுக்குக் கட்டாது என்றது கம்பெனி. அது உங்கள் பொறுப்பு என்றது மத்திய அரசு. வழக்கு, பேரம் என்று பதினைந்து மாதம் போனது. 2018 ஆகஸ்ட் 31-இல் ஆர்க்டிக் கேட்வே குழுமம் பாதையை வாங்கியது. அதில் வடக்கின் முதற்குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கு உண்டு. செப்டம்பரில் வேலை ஆரம்பித்து, அக்டோபர் 31-இல் சர்ச்சிலுக்குள் ரயில் எஞ்சின் நுழைந்துவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் பயணிகள் வண்டி. ஜல்லி கொட்ட இரண்டு மாதம், யார் காசு கொடுப்பது என்று முடிவாக அதைப்போல ஏழு மடங்கு! 2021-இல் பாதை முழுக்கவே அந்த வடபுலத்துச் சமூகங்களின் கைக்கு வந்தது. இது முன்னாலேயே நடந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பாதை நின்றால் யார் வீட்டு அடுப்பு அணையுமோ அவர்கள் கையில்தான் அது இருக்க வேண்டும்.

சர்ச்சிலுக்கு நாங்கள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். யாரும் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கவில்லை. ஆற்று முகத்துவாரத்தில் வெள்ளை பெலூகாத் திமிங்கிலங்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். அதைத் தனிப் பதிவாகப் படங்களோடு போடுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் வாரத்தில் இரண்டே நாள்தான், அதனால் திரும்பும் நாளையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். ரயில் விட்டு இறங்கிய அன்றே அடுத்த விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். லீவு குறைவென்றால் வின்னிபெக்கிலிருந்து தாம்ஸன் வரை காரில் போய், அங்கே ஏறுங்கள். அந்த வயல்காட்டு ஒரு நாள் மிச்சமாகும், பார்க்க வேண்டிய பாதையில் பெரும்பகுதி விட்டுப் போகாது.