கத்திகள் அவளுடைய பொறுப்பு

நவம்பர் 2

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் மாணவியாக இருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வாசிக்கிறேன். 1847 செப்டம்பர் கடைசியில், 16 வயதில், மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சவுத் ஹாட்லியில் இருந்த மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரி என்ற உயர்கல்விப் பள்ளியில் சேர்ந்தார். ஆம்ஹெர்ஸ்டில் இருக்கும் வீட்டுக்குப் பத்து மைல்தான். ஆனாலும் முதல் சில நாட்கள் வீட்டு நினைப்பு பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

அண்ணன் ஆஸ்டினுக்கு அக்டோபரில் எழுதிய கடிதத்தில் அன்றைய மதியச் சாப்பாட்டை அப்படியே பட்டியல் போடுகிறார்: கன்றுக்கறி, உருளைக்கிழங்கு, பூசணி, ரொட்டி, கடைசியில் ஆப்பிள் வைத்த கொழுக்கட்டை. அதே கடிதத்தில், மெக்சிகோ போர் முடிந்துவிட்டதா, ஜனாதிபதி தேர்தலுக்கு யார் நிற்கிறார் என்றும் கேட்கிறார். வந்ததிலிருந்து விசாரித்தும் தெரியவில்லையாம். சுவருக்கு வெளியே நடப்பது ஒன்றுமே எட்டாத இடத்தில் இருப்பவளின் தவிப்பு அது.

நவம்பர் 4

தோழி ஆபியா ரூட்டுக்கு எழுதியதில் ஒரு நாள் முழுவதும் கிடைத்தது. காலை 6 மணிக்கு எழ வேண்டும், 7க்குச் சாப்பாடு, 9க்குக் கூடத்தில் வழிபாடு. 10:15க்குப் பண்டைய வரலாற்றுப் பாடத்தை ஒப்பிக்க வேண்டும். 12க்கு உடற்பயிற்சி, அப்புறம் பாட்டு, ஒரு மணி நேரம் பியானோ. இரவு 8:45க்குப் படுக்கை மணி.

நான் நின்றுவிட்டது மாலை 3:45இல். அந்த நேரத்தில் ஒவ்வொரு பெண்ணும் அன்றைய தன் தவறுகளைத் தானே சொல்ல வேண்டும். தாமதமாக வந்தது, மௌன நேரத்தில் பேசியது, அறைக்கு விருந்தினரை அழைத்தது எல்லாம். தினமும் இப்படி என்றால், தவறு செய்யாத நாளில்கூட மனசு எதையாவது தேடிக்கொண்டுதானே இருக்கும்?

நவம்பர் 5

அங்கே வேலையாட்கள் இல்லை. சமையல், துவைப்பு, துடைப்பு எல்லாம் மாணவிகளுக்குள் பங்கு. எமிலிக்குக் கிடைத்தது கத்தி. காலையும் மதியமும் முதல் வரிசை மேசைகளின் கத்திகளை எடுத்துப் போக வேண்டும். இரவில் கழுவித் துடைக்க வேண்டும்.

படித்ததும் கோபம்தான் வந்தது. என் கல்லூரி விடுதியில் குழாயடியில் வரிசையில் நின்று தட்டுக் கழுவுவோம். எதிரே ஆண்கள் விடுதியில் அதற்கு ஆள் இருந்தது. கேட்டதற்கு, ‘பொம்பளப் பிள்ளைங்க பழகிக்கணும்’ என்றார்கள். அது இன்னும் ஆறவில்லை.

நவம்பர் 8

1837இல் இதே தேதியில்தான் அந்தப் பள்ளி திறந்தது. முதல் மாணவிகள் சுமார் 80 பேர். நிறுவியவர் மேரி லயன். ஐந்து வயதில் தகப்பனை இழந்து, 17 வயதில் வாரம் 75 சென்ட் சம்பளத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவர். பச்சை வெல்வெட் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பணம் கேட்டார். முதல் ஆயிரம் டாலர் இப்ஸ்விச் ஊர்ப் பெண்களிடமிருந்து வந்தது.

படிப்பும் தங்குமிடமும் சேர்த்து வருடத்துக்கு 60 டாலர். விவசாயி மகளும் வந்து படிக்க வேண்டும் என்றுதான் அந்தத் தொகை. வேலையாள் செலவில்லாமல் அந்தத் தொகைக்குள் நடத்தத்தான் மாணவிகள் கத்தி கழுவியது. வீட்டுவேலை கற்றுத்தருவது இந்தப் பள்ளியின் நோக்கமே இல்லை, அது தாயிடம் கற்க வேண்டியது என்று லயன் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். இங்கே வேதியியலை அவரே நடத்தினார்.

மூன்று நாள் முந்தைய என் கோபத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பழகிக்கொள்ளச் சொல்லிக் கழுவ வைப்பதும், பக்கத்து மேசைக்காரி படிக்க முடியட்டும் என்று எல்லோரும் சேர்ந்து கழுவுவதும் ஒன்றல்ல.

நவம்பர் 9

யாழ்ப்பாணத்துத் தோழியிடம் சொன்னேன். “எங்கட உடுவில் அதுக்கும் முந்தினது” என்றாள். உண்மைதான். அமெரிக்க மிஷனின் ஹாரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கு விடுதிப்பள்ளி தொடங்கியது 1824இல். மவுண்ட் ஹோலியோக்குக்குப் பதின்மூன்று வருடம் முன்பு! அதைத் தனியாக வாசிக்க வேண்டும்.

நவம்பர் 11

மீதிப் பாதிக் கோபம் அப்படியே இருக்கிறது. கிறிஸ்தவ விசுவாசத்தை வைத்து மாணவிகளை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டவர்கள், இரட்சிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவர்கள், அந்த நம்பிக்கை இல்லாதவர்கள். எமிலி கடைசிவரை மூன்றாவது பிரிவில்தான். தனக்கு வராத ஒன்றை வந்ததாகச் சொல்லவில்லை. அதே நேரம், கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டேனே என்று 1848 மே மாதம் தோழிக்கு வருந்தியும் எழுதுகிறார். 17 வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பாரம்.

அந்த வசந்தத்தில் இருமல் விடாமல் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்து, ஆகஸ்டில் அந்த வருடத்தை முடித்துவிட்டு ஆம்ஹெர்ஸ்ட் போனார். மறுபடி அங்கே படிக்க வரவில்லை. மேரி லயன் 1849 மார்ச்சில் இறந்துபோனார்.