கன்றே இல்லாத காடு

சொகோத்ரா அரசியல் கணக்கில் ஏமன் நாட்டுத் தீவு. ஆனால் பக்கத்தில் இருப்பது சோமாலியக் கரைதான். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இந்தத் தீவுக்கு நான் போனது ஒரே ஒரு மரத்துக்காக. அதுதான் டிராகன் ரத்த மரம். உலகில் வேறெங்கும் இது தானாக முளைப்பதில்லை.

டிக்சம் மேட்டைத் தாண்டி, இந்த மரங்கள் நிற்கும் ஃபிர்மிஹின் காட்டுக்குப் போகும் பாதை முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஜீப்பில் உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போனது. ஏறி முடித்ததும் எதிரே நூற்றுக்கணக்கில் மரங்கள், எல்லாம் காற்றில் மேல்நோக்கி மடங்கிப்போன குடை மாதிரி. போட்டோவில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் சரி, நேரில் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அந்த வடிவம் வெறும் அழகுக்கு இல்லை. காலை மூட்டத்தில் ஒரு தாழ்ந்த கிளையை எட்டிப் பிடித்துப் பார்த்தேன். வாள் போன்ற இலையில் மெழுகுப் பூச்சு. அதில் படிந்த துளிகள் ஒன்று சேர்ந்து இலையடிக்கு வழிந்து, கிளை வழியே இறங்கின. மழை குறைந்த மலையில் மரம் மேகத்திலிருந்தே தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. அடர்ந்த நிழல் அடியில் மண்ணையும் சீக்கிரம் காயவிடுவதில்லை.

ஒரு மரத்தில் பழைய வெட்டுத் தழும்பு, அதன் விளிம்பில் கருஞ்சிவப்பாய் இறுகிய பிசின். நகத்தால் சுரண்டியதும் பொடியாக உதிர்ந்தது. மருந்துக்கும் வார்னிஷுக்கும் பல நூற்றாண்டுகளாகக் கப்பலேறிய சரக்கு. உள்ளூர்ப் பெண்கள் மண்பானையில் கோலம் போடுவதும் இதைக் கொண்டுதான்.

அப்புறம்தான் உறைத்தது: எல்லாமே முதிர்ந்த மரங்கள். கன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "ஆடு" என்றார் வழிகாட்டி, ஒரே வார்த்தையில். முளைப்பதையெல்லாம் ஆடு மேய்ந்துவிடுகிறது. அது ஏற முடியாத பாறைச் சரிவில்தான் இளசுகள் பிழைக்கின்றன. 2015 நவம்பரில் சபாலா, மேக் என்று ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்கள் ஏராளமான பெரிய மரங்களைச் சாய்த்தன. அவற்றின் இடத்துக்கு வர அடுத்த தலைமுறை இல்லை.

கல்சுவர் கட்டி நாற்று வளர்க்கும் இடம் ஒன்றையும் காட்டினார். சொல்லாமல் விட்டிருந்தால் புல் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன். தண்டு தெரியவே வருடக்கணக்கில் ஆகுமாம். அதற்காக ஆடு வளர்ப்பதை விடு என்று யாரிடம் சொல்வது? அங்கே குடும்பம் ஓடுவதே ஆட்டில்தான்.

மத்தியானம் சோறும் ஆட்டுக்கறியும். நாற்றுகளுக்கு என்னால் ஆன உதவி என்று இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.